சாயம் என்று கொட்டிய சாம்பிள்

1. பாட்டிலின் வெளிப்பக்கம்

சாயக்காரர்கள் யூரின் சாம்பிள் கொண்டுவந்தால், உள்ளே இருப்பதைப் பார்ப்பதற்கு முன்னால் பாட்டிலின் வெளிப்பக்கத்தைத்தான் பார்ப்பேன். மூடியில் விரல் ரேகை சிவப்பாகவோ ஊதாவாகவோ பதிந்திருக்கும். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர் கையிலிருந்து அந்த நிறம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஈரக்கையோடு மூடியைத் திறந்தால் ஒரு சொட்டு உள்ளே விழும். ஒரு சொட்டு போதும், பாட்டில் முழுக்க நிறம் மாறிவிடும்.

காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன லேபில் இருபத்தெட்டு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். படிப்பு பத்தாவது, அதற்குமேல் ஒரு வருட லேப் கோர்ஸ். ஊர் திருப்பருத்திக்குன்றம். நாங்கள் சமணர்கள், எங்களவர்களை நயினார் என்றுதான் சொல்வார்கள். அதனால் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, 'லேப் நயினார்' என்றால்தான் தெரியும். காலையில் கோயிலில் வர்த்தமான மகாவீரரைக் கும்பிட்டுவிட்டு வேலைக்கு வருவேன், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் நன்றாகச் செய்த வேலைகளும் உண்டு. ஆனால் சொல்லவேண்டியது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி.

அந்தத் தப்புக்கு விதை முன்னொரு தப்பிலேயே இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு சாயக்காரர் சாம்பிள் ரத்தச் சிவப்பாக வந்தது. ரத்தம் இருந்தால் நிறம் மாறிக் காட்டும் ஸ்ட்ரிப்பை அதில் நனைத்தேன். அதன் நுனியில் இருக்கும் பேடு சாயத்தைக் குடித்து நிறம் மாறியது. 'ரத்தம் அதிகம்' என்று எழுதிவிட்டேன். அந்த மனிதர் ஸ்கேன் எடுத்து, சென்னைக்குப் போய் இன்னொரு ஸ்கேன் எடுத்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தார். லேப் ஓனர் எல்லார் முன்னாலும் கேட்டார்:

"இன்னா நயினாரே, சாயத்துக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? இந்த ஊர்லதான பொறந்த?"

அன்றைக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சாயக்காரர் சாம்பிள் நிறமாக இருந்தால் கொட்டிவிடுவது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வேறு சாம்பிள் எடுத்துவரச் சொல்வது. மறுநாள் வரும் சாம்பிள் தெளிவாக இருக்கும். வருடக்கணக்கில் ஒருமுறைகூட இந்த வழக்கம் என்னைக் கைவிடவில்லை. அதனாலேயே அதன்மேல் எனக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை வந்துவிட்டது.

2. திங்கட்கிழமை

தேவராஜ் ஐயம்பேட்டைக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்குப் பின்னால் சொந்தமாகச் சாயப்பட்டறை. எனக்குப் பல வருடப் பழக்கம். பட்டுப்புழுவைக் கொன்று எடுக்கும் நூல் என்பதால் நான் பட்டு உடுத்துவதில்லை, அது என் விரதம். அதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்யாமல் அவர் லேபை விட்டுப் போனதே கிடையாது.

"பட்டத் தொடமாட்டாரு. பட்டுச் சாயக்காரன் மூத்திரத்த மட்டும் பட்டுனு தொடுவாரு" என்பார்.

"அதுல உயிர்க்கொலை இல்லையேப்பா" என்பேன் நான்.

அந்தத் திங்கட்கிழமை கிண்டல் குறைவாக இருந்தது. பத்து நாளாக உடம்பு அசதி, பசியில்லை, விட்டுவிட்டு இருமல். எங்கள் லேப் இருக்கும் தெருவிலேயே கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மாவிடம் காட்டியிருக்கிறார். அவர் சுகர், கிரியேட்டினின், யூரின் மூன்றும் எழுதி அனுப்பியிருந்தார். கிரியேட்டினின் என்பது ரத்தத்தில் சேரும் ஒரு கழிவு. சிறுநீரகம் சரியாக வடிகட்டினால் ஒன்றை ஒட்டி இருக்கும். வடிகட்டாவிட்டால் ஏறிக்கொண்டே போகும்.

ரத்தம் எடுத்தேன். சிறுநீர் பாட்டிலை நீட்டினார். டீ டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது, கொஞ்சம் செம்மை கலந்து. அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வரை அரக்கு நிறம். முகூர்த்த சீசன், எல்லாருக்கும் அரக்குப் புடவைதான் வேண்டும்.

"இன்னா தேவராஜு, பாட்டில்லயும் அரக்குப் போட்டு எடுத்துக்கினு வந்துட்டியா?"

"ரெண்டு நாளா இப்டித்தான் போவுது நயினாரே. உள்ள போன சாயம் வெளிய வருதுன்னு நெனச்சேன்."

ரெண்டு நாளாக என்று அவர் சொன்னார். அது என் காதில் விழுந்தது. விழுந்தும், நான் அதைக் கேட்கவில்லை.

"உள்ள போனதோ கைல இருந்து விழுந்ததோ, சாயம்தான்பா. நல்லா சோப்புப் போட்டுக் கைய கழுவிக்கினு நாளைக்கு வேற கொண்டா" என்று சொல்லி வாஷ்பேசினில் கொட்டிவிட்டேன்.

மதியம் கிரியேட்டினின் வந்தது. 1.9. கொஞ்சம் கூடுதல்தான். காலையிலிருந்து செப்பு அண்டா பக்கத்தில் ஆவியில் நின்று வேர்க்கிறவர், தண்ணீர் குடித்திருக்க மாட்டார் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். யூரின் என்ற இடத்தில் 'சாம்பிளில் சாயம் கலந்துள்ளது, மறுபடி தரவும்' என்று எழுதி, அவர் நாளைக்கு வரும்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று ரிப்போர்ட்டை டிரேயில் வைத்தேன்.

எங்கள் மதத்தில் பொழுது சாய்ந்ததும் அன்றைக்குச் செய்த பிழைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி வருந்துவது உண்டு. பிரதிக்கிரமணம் என்போம். அன்றைக்கும் உட்கார்ந்தேன். மனைவியிடம் சுள்ளென்று பேசியதைச் சொன்னேன், வழியில் ஒரு மாட்டைப் பார்த்து வீணாக ஹாரன் அடித்ததைச் சொன்னேன். கொட்டிய சாம்பிள் அந்த வரிசையில் வரவே இல்லை. பிழை என்று தெரிந்தால்தானே வரும்.

3. சரளாவின் கை

செவ்வாய்க்கிழமை தேவராஜ் வரவில்லை. புதன், வியாழன், வெள்ளியும் வரவில்லை. ஆர்டர் நெருக்கடி என்று நினைத்தேன். டிரேயில் அந்த ரிப்போர்ட் அடியில் போய்விட்டது.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒரு ஷேர் ஆட்டோ லேப் வாசலில் நின்றது. தேவராஜைக் கைத்தாங்கலாக இறக்கியவர் அவர் மனைவி சரளா. வீட்டிலேயே தறி நெய்கிறவர், அதிகம் பேசாதவர். தேவராஜின் பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் இருமினார். துண்டை வாயில் வைத்து எடுத்தபோது அதில் சிவப்பு.

சரளா ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்தார். அதே டிகாக்‌ஷன் நிறம், இன்னும் கருத்திருந்தது. அளவும் அரை பாட்டில்தான்.

"காலைல இருந்து இவ்ளோதான் நயினாரே போச்சு. நான்தான் பாட்டில கழுவினேன், நான்தான் மூடினேன். என் கையப் பாருங்க."

இரண்டு உள்ளங்கையையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். சுத்தமான கை. பாவு நூல் அறுத்த பழைய தழும்பு மட்டும் இருந்தது.

"திங்கக்கெழமையே வேற எடுத்துக்கினு போன்னேன். 'நயினாரே சொல்லிட்டாரு, சாயம்தான், நீ சும்மா இரு'ன்னு என் வாய அடச்சிட்டாரு."

சாம்பிளை டியூபில் ஊற்றி சென்ட்ரிஃபியூஜில் வைத்தேன். வேகமாகச் சுற்றி, கனமானதை அடியில் இறக்கும் மெஷின் அது. சாயமாக இருந்தால் எவ்வளவு சுற்றினாலும் தண்ணீரோடு கரைந்தே இருக்கும், மேலும் கீழும் ஒரே நிறமாக நிற்கும். ரத்த அணுவாக இருந்தால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கோர்ஸில் சேர்ந்த முதல் மாதமே சொல்லிக்கொடுத்த பாடம் இது. ஐந்து நிமிட வேலை. திங்கட்கிழமை அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

மெஷின் நின்றது. டியூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே நிறம் வெளுத்திருந்தது. அடியில் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு சிவப்பு வட்டு.

அதிலிருந்து ஒரு சொட்டு ஸ்லைடில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். எங்கு திருப்பினாலும் சிவப்பணு, பலதும் உருக்குலைந்து. நடுநடுவே ஆர்.பி.சி. காஸ்ட். அதாவது சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் சிவப்பணுக்கள் அடைந்து, அந்தக் குழாயின் வடிவத்திலேயே அச்சுப்போல வெளியே வந்தவை. கல் அடைப்பினாலோ மூத்திரப்பையில் புண்ணினாலோ ரத்தம் வந்தால் இது இருக்காது. இது இருந்தால் வடிகட்டியே கிழிகிறது என்று பொருள். இத்தனை வருட சர்வீஸில் அதுவரை நான் இதைப் பார்த்தது மூன்று நான்கு தடவைதான். ஒரே ஸ்லைடில் இவ்வளவு பார்த்ததில்லை.

கிரியேட்டினின் போட்டேன். 4.6. நம்பாமல் மறுபடி போட்டேன். அதேதான்.

4. எழுதிக் கொடுத்த தாள்

ரிப்போர்ட்டை டைப் செய்யக்கூட நிற்கவில்லை. ஸ்லைடைக் கையில் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு நடந்தேன். சரளாவும் தேவராஜும் ஆட்டோவில் வந்தார்கள்.

டாக்டரம்மா தேவராஜின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். காலை அழுத்திப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"திங்கட்கிழமை கிரியேட்டினின் எவ்வளவு?"

"1.9 மேடம்."

"அஞ்சு நாள்ல 4.6. சரி, அன்னைக்கு யூரின் ரிப்போர்ட் எங்க?"

"இல்ல மேடம். சாயம்னு நெனச்சு கொட்டிட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சரளாவிடம் கேட்டார்:

"இந்த அஞ்சு நாள்ல மாத்திரை ஏதாச்சும் போட்டாராம்மா?"

"உடம்பு வலின்னு மெடிக்கல்ல கேட்டு வாங்கினாருமா. செவ்வாக்கெழமைல இருந்து தெனம் ரெண்டு."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "நயினாரே, நல்லா கவனிங்க. இவருக்கு நுரையீரல்லயும் ரத்தம், கிட்னிலயும் ரத்தம். எனக்கு ஒரு அபூர்வமான நோய்மேல சந்தேகம். அதுவா இருந்தா ஒவ்வொரு நாளும் கிட்னி போய்க்கிட்டே இருக்கும். இப்பவே சென்னைக்கு அனுப்பறேன். ஆனா அங்க இவர் வலி மாத்திரை போட்டார்னு கேட்டதுமே, மாத்திரையால கிட்னி கெட்டிருக்கு, நிறுத்திட்டு ரெண்டு நாள் பாப்போம்னு யாராவது சொல்லிடலாம். இருமலைத் தனியா ஒரு கிருமின்னு நினைச்சிடலாம். இவருக்கு அந்த ரெண்டு நாள் கிடையாது. திங்கட்கிழமை, மாத்திரை போடறதுக்கு முன்னாடி, அது என்ன நிறம்?"

"டீ டிகாக்‌ஷன் மேடம். இன்னைக்கு இருக்கறத விடக் கொஞ்சம் வெளிர். அதுக்கும் ரெண்டு நாள் முன்னால இருந்தே அப்படித்தான் போகுதுன்னு சொன்னாரு."

"அதை எழுதிக் குடுங்க. லேப் தாள்ல, கையெழுத்தோட."

லேபுக்கு ஓடினேன். ஓனர் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். இருக்கையைவிட்டு எழுந்துவிட்டார்.

"வாயால சொன்னது போதாதா நயினாரே? சாம்பிளக் கொட்டிட்டோம்னு நம்ம தாள்லயே நாமளே எழுதணுமா? நாளைக்கு இதையே காட்டி யாராச்சும் கேட்டா?"

"கேட்டா நான் பதில் சொல்றேன் சார். என் கையெழுத்துதான போடப்போறேன்."

எழுதினேன். 'திங்கட்கிழமை காலை பெற்ற சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. இரண்டு நாளாக அப்படி இருப்பதாக நோயாளி கூறினார். சாயம் கலந்தது என்று தவறாக எண்ணி, சோதிக்காமல் நான் கொட்டிவிட்டேன்.' இருபத்தெட்டு வருடத்தில் நான் எழுதிய ரிப்போர்ட்டுகளில் அதுதான் சின்னது. கையெழுத்துப் போட்டு எடுக்கும்போது ஓனர் கையை நீட்டித் தடுத்தார். மேசை டிராயரைத் திறந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார்.

"சீல் இல்லாத தாள எவன் மதிப்பான்" என்று சொல்லி, அவரே அழுத்திக் குத்தினார்.

அந்தத் தாளோடு ஆம்புலன்ஸ் சென்னைக்குக் கிளம்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அன்று சாப்பாடு கிடையாது. பிரதிக்கிரமணத்தில் உட்கார்ந்தபோது ஒரே ஒரு பிழைதான் சொல்வதற்கு இருந்தது.

5. சுற்றுகிற மெஷின்

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு சென்னைக்குப் போனேன். பெரிய ஆஸ்பத்திரி. வார்டு வாசலிலேயே சரளா நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னார்.

"மொதல்ல பாத்த டாக்டரு, மாத்திரையாலதான், நிறுத்திட்டுப் பாக்கலாம்னுதான் சொன்னாரு. அப்புறம் கிட்னி டாக்டரு வந்தாரு. உங்க தாளப் படிச்சாரு. மறுபடியும் படிச்சாரு. மாத்திரைக்கு முன்னாடியே இந்தக் கலர்ல போயிருக்குதே, ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம், ஆரம்பிங்கன்னுட்டாரு. ஞாயித்துக்கெழமையே மெஷின்ல போட்டுட்டாங்க."

நான் போன அன்று காலையில்தான் ரத்தப் பரிசோதனையின் ரிசல்ட்டும் வந்திருந்தது. டாக்டரம்மா சந்தேகப்பட்டதேதான். ஆன்டி-ஜி.பி.எம். நோய் என்று பெயர். வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வரக்கூடியது என்றார்கள். நம் உடம்பில் கிருமியோடு சண்டை போடுவதற்கென்று ஒரு படை இருக்கிறது. அது எதனாலோ தடம் மாறி, சிறுநீரகத்தில் வடிகட்டிக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலத்தையே எதிரி என்று நினைத்துவிடுகிறது. அதே மாதிரிப் படலம் நுரையீரலிலும் இருப்பதால் இருமலில் ரத்தம்.

எங்கள் வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம், சிற்றுயிர் எதுவும் வாய்க்குள் போய்விடக்கூடாது என்று. அந்தத் துணியில் ஒரு இழை விட்டாலும் என் மனைவி மாற்றிவிடுவாள். தேவராஜின் உடம்பு தன் துணியைத் தானே கிழித்துக்கொண்டிருந்தது. மாற்றுத் துணி கிடையாது.

கட்டிலில் சாய்ந்திருந்தார். கழுத்தில் குழாய். பக்கத்தில் ஒரு மெஷின் மெல்லிய சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்த டெக்னீஷியனிடம் நானும் லேப்காரன் என்றதும் மூடியைக் காட்டி விளக்கினார். ரத்தம் குழாய் வழியாக உள்ளே வந்து சுற்றுகிறது. கனமான அணுக்கள் ஒருபக்கம், மஞ்சள் தண்ணீரான பிளாஸ்மா ஒருபக்கம் பிரிகிறது. தடம் மாறிய அந்தப் படையின் ஆயுதமான கெட்ட ஆன்டிபாடி அந்த மஞ்சள் தண்ணீரில்தான் இருக்கிறது. அதைப் பையில் எடுத்துவிட்டு, அணுக்களை மாற்றுத் திரவத்தோடு சேர்த்து உடம்புக்கே திருப்பி அனுப்புகிறார்கள். பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச்.

என் லேபில் இருக்கும் சென்ட்ரிஃபியூஜுக்கு அண்ணன் என்று சொல்லலாம். நான் ஐந்து நிமிடம் சுற்ற மறுத்ததை இங்கே தினமும் மூன்று மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க நயினாரே" என்றார் தேவராஜ். குரல் காற்றாக வந்தது. "பாத்தீங்களா, பை பையா எடுக்கறாங்க. சாயம் போட்டப்புறம் பட்ட அலசுவோம் பாருங்க, தண்ணி தெளியற வரைக்கும், அதேதான்."

"எத்தினி அலசாம்?"

"பதினாலு. ஆனா அலசினா மட்டும் பத்தாதாம். உள்ள புதுசு புதுசா சாயம் ஊறிக்கினே இருக்குதாம். அத நிறுத்தறதுக்குத்தான் ஊசியும் மாத்திரையும்."

ஸ்டீராய்டு ஊசி மூன்று நாள், பிறகு மாத்திரை, கூடவே சைக்ளோஃபாஸ்பமைடு என்ற இன்னொரு மருந்து. கிட்னி டாக்டர் எனக்கு விளக்கியதைவிட அவர் விளக்கியதுதான் இன்றைக்கும் என் மனதில் நிற்கிறது.

சொல்லவேண்டியதைச் சொன்னேன். "தேவராஜு, திங்கட்கிழமை நான் சுத்திப் பாத்திருக்கணும். பாக்காம கொட்டிட்டேன். உனக்கு அஞ்சு நாள் என்னால போச்சு."

தேவராஜ் தலையணையில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"வுடுங்க நயினாரே. நீங்க சொன்னதால அஞ்சு நாள் நிம்மதியா வேல பாத்தேன். ஆர்டர முடிச்சேன்."

சரளா தலையணையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "அந்த நிம்மதிதான் ஆளையே கொண்டு போயிருக்கும்." பிறகு என்னைப் பார்த்து, "மன்னிப்பு கின்னிப்புலாம் இவரு குடுத்துக்கட்டும் நயினாரே. நான் குடுக்கல. இனிமே யாரு பாட்டிலயும் பாக்காம கொட்டாதீங்க. அது போதும்."

அன்று கிரியேட்டினின் 5.4. சிறுநீர் இன்னும் குறைவு. நாளைக்கும் ஏறினால் டயாலிசிஸில் போடவேண்டும் என்றும், இந்த நோயில் டயாலிசிஸ் வரை போன சிறுநீரகம் பெரும்பாலும் திரும்புவதில்லை என்றும் டாக்டர் சொன்னார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் வாய் ஓயாமல் பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லிக்கொண்டே வந்தேன். வேண்டுதல் வைப்பது எங்கள் வழக்கமில்லை. நாங்கள் கும்பிடும் அருகர் வரம் தருகிறவர் அல்ல, வழி காட்டியவர். ஆனாலும் அன்றைக்கு மனது கேட்கவில்லை.

மறுநாள் மதியம் லேபுக்குப் போன் வந்தது. சரளா.

"5.3 நயினாரே. ஏறல. நேத்து ராத்திரில இருந்து முக்கா லிட்டரு போயிருக்குது."

மனிதர்கள் சந்தோஷத்துக்கு எத்தனையோ காரணம் வைத்திருப்பார்கள். எனக்கு அன்றைக்கு முக்கால் லிட்டர் சிறுநீர்.

6. அலசின பிறகு

அதன்பிறகு இறங்கியது. 4.7, 3.8, 3.1. ஏழாவது அலசலுக்குள் இருமலில் ரத்தம் நின்றது. நின்றபிறகு ஊசி வைத்து சிறுநீரகத்திலிருந்து நூலளவு சதை எடுத்துப் பார்த்தார்கள். வடிகட்டிகளில் பாதிக்குப் பாதி அடிபட்டிருந்தது, மீதி தேறும் என்றார்கள். டயாலிசிஸ் வைக்கவே இல்லை. ஊருக்கு வரும்போது 2.4.

பிறகு வாராவாரம் என்னிடம்தான் ரத்தமும் சிறுநீரும். ஸ்டீராய்டில் முகம் உப்பிக் கன்னம் பளபளத்தது.

"இன்னாபா, மாப்ள களை வந்துடுச்சு?" என்பேன்.

"பசி வேற இவரக் கொல்லுது. அடுக்களைலயே கட்டிப் போட்டு வைக்கணும் போல" என்பார் சரளா.

நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து என்பதால் கூட்டத்தில் போகக்கூடாது. வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவைக்குப் போகாத முதல் வருடம் என்று தேவராஜ் கண்கலங்கினார். பல வருடமாகப் பிடித்துவந்த பீடியை ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றோடு விட்டார். சாயத்தால்தான் இந்த நோய் வந்ததா என்று கிட்னி டாக்டரிடம் கேட்டிருக்கிறார். புகையும் ரசாயன ஆவியும் நுரையீரலைக் கெடுத்து நோயைத் தூண்டலாம், ஆனால் ஏன் இவருக்கு வந்தது, பக்கத்துப் பட்டறைக்காரருக்கு வரவில்லை என்பதை யாராலும் சொல்லமுடியாது என்றாராம்.

மூன்று மாதம் கழித்து அந்த ஆன்டிபாடி நெகட்டிவ். கிரியேட்டினின் 1.8இல் வந்து நின்றது, இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. ஒன்றுக்கு இறங்காது, வடுவான பகுதி வடுதான். ஆனால் இந்த நோய் ஒருமுறை அடங்கிவிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை என்பது ஒரு நிம்மதி. நான் அந்த முதல் ஐந்து நாளை வீணாக்காமல் இருந்திருந்தால் எங்கே நின்றிருக்கும் என்று டாக்டரம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "தெரியாது நயினாரே. ஆனா அந்தத் தாளை நீங்க எழுதாம இருந்திருந்தா எங்க போயிருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் லேபில் இப்போது நிறமான சாம்பிள் எதுவும் சுற்றாமல் வாஷ்பேசினுக்குப் போவதில்லை. கை கழுவி மறுபடி கொண்டுவரச் சொல்வதும் உண்டு, ஆனால் முதலில் வந்ததைப் பார்த்தபிறகுதான். சந்தேகம் இருந்தால் ரிப்போர்ட் டிரேயில் தூங்காது, டாக்டருக்குப் போன் போகும்.

போன மாதம் தேவராஜ் செக்கப்புக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இப்போது பட்டறையில் அவர் அண்டா பக்கம் போவதில்லை, கலவை மட்டும் அளந்து கொடுக்கிறார், கையுறை போட்டு. அந்த நேரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார், சாயப்பட்டறையில் நூல் அலசுகிறவர். பாட்டில் முழுக்கச் சிவப்பு. மூடியிலும் சிவப்பு விரல்.

"கைல இருந்து வுழுந்துடுச்சு போல சார். கொட்டிட்டு வேற எடுத்தாரட்டுமா?" என்று அவரே கேட்டார்.

"இரும்மா. அஞ்சு நிமிஷம்."

சுற்றினேன். தேவராஜ் பெஞ்சைவிட்டு எழுந்து வந்து மெஷின் பக்கத்தில் நின்றார். மெஷின் ஓய்ந்ததும் டியூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. அடியில் ஒன்றுமில்லை. ஸ்லைடிலும் பார்த்தேன். ஒரு சிவப்பணுகூட இல்லை.

"இன்னா நயினாரே?" என்றார் தேவராஜ். குரலில் விளையாட்டு இல்லை.

"சாயம்தான்பா."

டியூபை என் கையிலிருந்து வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளிடம் திரும்பினார்.

"உங்க பட்டறைல யாரும்மா அரக்குப் போடறது? ஆசிட் கம்மியா வுட்டிருக்கான். அதான் நூல்ல ஏறாம உங்க கைக்கு வருது. போய்ச் சொல்லுங்க."

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வேறு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார். தேவராஜ் டியூபை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப கொட்டுங்க நயினாரே" என்றார்.

கொட்டினேன்.